தோத்த அன்னைக்கும் கட்சி ஆபீஸ்ல லைட் எரியணும்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒரு தம்பி எழுதியிருந்தத படிச்சேன். நேபாளத்துல பிள்ளைங்க தெருவுல இறங்கி கவர்ன்மெண்ட்டையே மாத்திட்டாங்க, பங்களாதேஷ்லயும் அப்படித்தான், இனிமே நமக்கும் கட்சியே வேண்டாம், நல்ல மனுசங்களா பாத்து சுயேச்சையா நிக்க வச்சு ஜெயிக்க வச்சா போதும், கட்சின்னாலே கொள்ளைக்கூட்டம்னு எழுதியிருந்தாரு. அந்தக் கோவம் எனக்குப் புரியுது. ஆனா அந்த முடிவு தப்பு சார், ரொம்ப தப்பு, அத சொல்லாம இருக்க முடியல, அதான் ரெண்டு நாளா உக்காந்து போன்ல இத டைப் பண்ணுறேன். நீளமா போச்சுன்னா பொறுத்துக்கிடுங்க, வெட்டாம போட்டீங்கன்னா சந்தோசம்.

முதல்ல அந்தத் தம்பி சொன்ன நேபாளத்தையே எடுத்துக்கிடுவோம். கட்சி இல்லாத ஆட்சின்னு ஒண்ணு நேபாளத்துல ஏற்கனவே 30 வருசம் இருந்துச்சு. 1960 டிசம்பர்ல மகேந்திரா ராஜா, ஜனங்க ஓட்டு போட்டுக் கொண்டுவந்த பி.பி. கொய்ராலா மந்திரிசபைய கலைச்சு, எல்லா கட்சியையும் தடை பண்ணி, பஞ்சாயத்து முறைன்னு ஒண்ணக் கொண்டுவந்தாரு, கட்சி ஜனநாயகம் நம்ம நாட்டுக்கு ஒத்து வராதுன்னு காரணம் சொன்னாரு. 1990ல ஜனங்க போராடி அத எடுத்துப் போடுற வரைக்கும் ராஜா சொன்னதுதான் சட்டம். பாகிஸ்தான்ல ராணுவ ஆட்சி நடத்தின ஜியா உல் ஹக் 1985ல கட்சி இல்லாத எலக்‌ஷன் நடத்தினாரு, அதுல செல்வாக்கு கூடினது யாருக்கு? பெரிய நிலக்காரங்களுக்கும் குலத்தலைவருங்களுக்கும்தான். பங்களாதேஷ்ல 2024ல பிரதமர் ஹசீனாவ இறக்கின பிள்ளைங்க 2025 பிப்ரவரில அவங்களே புதுசா ஒரு கட்சி ஆரம்பிச்சாங்க, ஏன்னா தெருவுல நின்னு ஒருத்தர இறக்கிரலாம், அதுக்கப்புறம் பட்ஜெட் போடணும் பள்ளிக்கூடம் நடத்தணும்னா ஊர் ஊரா ஆளு வேணும், நாளைக்கும் நாளன்னைக்கும் இருக்கிற ஒரு அமைப்பு வேணும். நேபாளப் பிள்ளைங்க கோவத்துலயும் நியாயம் உண்டு, 2008ல குடியரசு ஆன பிறகு ஒரு பிரதமர் கூட முழுசா 5 வருசம் இருக்கல, 2015ல இருந்து மூணு கட்சித் தலைவருங்களே மாறி மாறி நாற்காலில உக்காந்தாங்க. கட்சி இருந்ததால வந்த கேடு இதுன்னு தம்பி சொல்றாரு. கட்சிக்குள்ள தலைவர மாத்த வழி இல்லாததால வந்த கேடுன்னு நான் சொல்றேன்.

இத நான் புஸ்தகத்துல படிச்சு சொல்லல. நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி, கணக்கு டீச்சர், இப்ப ரிட்டயர்டு. 2003ல இருந்து 2010 வரைக்கும் மாலத்தீவுல வேலை பாத்தேன். நம்ம ஜில்லாவுல இருந்து டீச்சரா நர்ஸா அங்க போனவங்க ஏராளம், வீட்டுக்கு வீடு கேட்டா ஒரு சித்தியோ மதினியோ அங்க இருந்துட்டு வந்திருப்பாங்க, திருவனந்தபுரத்துல ஏறி கண்ணசந்து முழிச்சா தலைநகர் மாலே வந்துரும். அங்க இருந்து தெக்க ஒரு சின்னத் தீவுல எனக்கு ஸ்கூல். அவங்க படகுக்கும் தோணின்னுதான் பேரு, அத முதல்ல கேட்டப்ப நம்ம கொளச்சல் கரையில நிக்குற மாதிரியே இருந்துச்சு.

நான் போனப்ப அந்த நாட்டுல கட்சியே கிடையாது. வைக்க விடமாட்டாங்க. 1978ல இருந்து கயூம்தான் ஜனாதிபதி. 5 வருசத்துக்கு ஒருக்க ஓட்டு உண்டு, ஆனா அதுல ஒரே ஒரு பேருதான் இருக்கும், மஜ்லிஸ்னு சொல்ற அவங்க பார்லிமெண்ட் ஒருத்தர தேர்ந்தெடுத்து அனுப்பும், ஜனங்க சரின்னோ வேண்டாம்னோ குத்தணும், அவ்வளவுதான். தீவுக்கு ஒரு கதீப் இருப்பாரு, நம்ம ஊர் தலைவர் மாதிரி, ஆனா அவர மாலேல இருந்துதான் போடுவாங்க. படகு அணையுற ஜெட்டி உடைஞ்சாலும் குடிதண்ணி கெட்டாலும் அவர்கிட்டதான் போய் நிக்கணும், அவர் மேலயே குத்தம்னா போறதுக்கு ஒரு இடம் இல்ல. சாயங்காலம் ஆனா கடற்கரையில ஜோலின்னு கயித்து வலை கட்டின சேருங்க வரிசையா கிடக்கும், அதுல சாஞ்சு கிடந்து எல்லாரும் மீன் பாடு பத்திப் பேசுவாங்க கல்யாணம் பத்திப் பேசுவாங்க, ஆட்சி பத்தி பேச்சு வந்துட்டா குரல் தன்னால தாழ்ந்துரும். நான் அங்க போன அதே வருசம் செப்டம்பர்ல மாஃபுஷி ஜெயில்ல ஈவான் நசீம்னு 19 வயசுப் பையன அடிச்சே கொன்னாங்க, மாலேல கலவரம் ஆச்சு, எங்க ஸ்டாஃப் ரூம்ல அதப் பத்தி ஒரு ஆள் வாயத் திறக்கல. 19 வயசுன்னா நான் பாடம் நடத்துன பிள்ளைங்கள விட மூணு நாலு வயசுதான் கூடுதல். அன்னைக்கு அந்த அமைதிய நான் இப்பளும் மறக்கல.

அந்த வருசமே கயூம எதிர்த்த நஷீதும் அவர்கூட இருந்தவங்களும் கொழும்புல வச்சு மாலத்தீவு ஜனநாயகக் கட்சி, சுருக்கமா எம்.டி.பி.ன்னு ஒரு கட்சிய அறிவிச்சாங்க, நாட்டுக்குள்ள அதுக்கு இடம் கிடையாது. 2005 ஜூன்ல மஜ்லிஸ் கட்சிங்களுக்கு அனுமதி குடுத்துச்சு. அதுக்கப்புறம் எங்க தீவுல நடந்தத சொன்னா நம்பமாட்டீங்க. எம்.டி.பி.க்காரங்க கூடுற இடத்துக்கு ஹருகேன்னு பேரு, எங்க தீவுல அது ஒரு தகரக் கொட்டகை, பத்து பிளாஸ்டிக் சேர், ஒரு மஞ்சள் கொடி. எனக்க ஸ்டூடண்ட் ஒருத்தனுக்க அப்பா, சூரை மீன் பிடிக்கப் போறவரு, ஒரு நாள் ஸ்கூலுக்கு வந்து, டீச்சர் எங்க கட்சிக்கு வரவு செலவு எழுதணும், நோட்டுல கோடு போட்டுத் தாங்க, எங்க எத எழுதணும்னு சொல்லித் தாங்கன்னு கேட்டாரு. நான் வெளிநாட்டுக்காரி, எனக்குப் பயம், இருந்தாலும் கணக்கு சொல்லிக் குடுக்கிறதுல என்ன தப்புன்னு தேதி, பேரு, தொகை, எதுக்குன்னு நாலு காலம் போட்டுக் குடுத்தேன். 5 ரூஃபியா 10 ரூஃபியான்னு சந்தா, லைட்டுக்கு டீசல், ஜெட்டிய சரி பண்ணச் சொல்லி மாலேக்கு அனுப்புன மனுவுக்கு பேப்பர் செலவு. அந்த மனுல 60 பேருக்கு மேல கையெழுத்து. ரெண்டு வருசம் முன்னால அந்தத் தீவுல ஒருத்தரும் எதுலயும் கையெழுத்து போட மாட்டாங்க சார். கயூம் ஆளுங்களும் டி.ஆர்.பி.ன்னு அவங்க கட்சிய ஆரம்பிச்சு நீலக் கொடி கட்டி இந்தப் பக்கம் ஒரு ஆபீஸ் போட்டாங்க, ரெண்டுக்கும் நடுவுல நம்ம தெரு தூரம்கூட இருக்காது. கதீப்புக்க முன்னால நின்னு பேசப் பயந்த பொம்பளைங்க, கட்சிக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு பேசினாங்க. தனியா நின்னா பயம், பின்னால நாலு பேரு இருக்காங்கன்னு தெரிஞ்சா குரல் வரும்.

2008 ஆகஸ்ட்ல புது அரசியல் சட்டம் வந்துச்சு, அக்டோபர்ல எலக்‌ஷன். முதல் ரவுண்டுல கயூமுக்கு 40 சதவீதம், நஷீதுக்கு 25 சதவீதம், மத்த கட்சிங்க எல்லாம் நஷீது பக்கம் சேர்ந்ததால அக்டோபர் 28ல நடந்த ரெண்டாவது ரவுண்டுல நஷீது 54 சதவீதம் வாங்கி ஜெயிச்சாரு. 30 வருசம் ஆண்ட கயூம் தோல்விய ஒத்துக்கிட்டு இறங்கினாரு. எங்க தீவுல கயூம் கட்சிக்குத்தான் ஓட்டு கூடுதல். மறுநாள் சாயங்காலம் அந்தப் பக்கமா நடந்து போறேன், டி.ஆர்.பி. ஆபீஸ் பூட்டிக் கிடக்கும்னுதான் நினைச்சேன், பாத்தா லைட் எரியுது, சேர் போட்டு பத்துப் பதினஞ்சு பேர் உக்காந்திருக்காங்க, மகளிர் அணிய பாத்துக்கிட்ட ஒரு அம்மா எனக்கு நல்ல பழக்கம், அவங்க முகம் அழுது வீங்கிப் போயிருக்கு. என்னக்கா இன்னைக்குமான்னு கேட்டேன். அடுத்த வருசம் மஜ்லிஸ் எலக்‌ஷன் வருது டீச்சர், எங்க தப்பு பண்ணினோம்னு பேசிட்டிருக்கோம்னு சொன்னாங்க. சொன்ன மாதிரியே 2009ல மஜ்லிஸ்ல எதிர்க்கட்சி பக்கம்தான் ஆளு கூடுதலா வந்தாங்க. தோத்தவங்க கத்தி எடுக்கல, படகுல ஏறி ஓடல, சேர் எடுத்துப் போட்டு உக்காந்தாங்க. ஒரு நாடு ஜனநாயகத்துக்கு வந்துட்டுதுன்னு எனக்கு நம்பிக்கை வந்தது நஷீது பதவி ஏத்த அன்னைக்கு இல்ல சார், அந்த லைட்ட பாத்த அன்னைக்கு.

அதுக்கப்புறம் அங்க எல்லாம் நல்லா போச்சான்னா போகல. கூட்டணிக்காரங்க ஒவ்வொருத்தரா கழண்டாங்க, எம்.பி.ங்க கட்சி மாறினாங்க, 2012 பிப்ரவரில நஷீது ராஜினாமா பண்ணினாரு, துப்பாக்கி முனையில பண்ண வச்சாங்கன்னு அவரு சொன்னாரு. கயூம் தான் ஆரம்பிச்ச டி.ஆர்.பி.ய விட்டுட்டு 2011ல பி.பி.எம்.னு வேற கட்சி ஆரம்பிச்சாரு, அந்தக் கட்சிய அவர் தம்பி யாமீன் எடுத்துக்கிட்டாரு, யாமீனும் பிறகு அத விட்டுட்டு வேற ஒண்ணு ஆரம்பிச்சாரு, நஷீதே 2023ல எம்.டி.பி.ய விட்டு வெளிய வந்தாரு. ஆளுக்குப் பின்னால கட்சி போச்சு, அந்த மீன்காரர் எழுதின நோட்டுக்குப் பின்னால கட்சி போகல. இருந்தாலும் ஒண்ணு சொல்லணும், 2008, 2013, 2018, 2023 நாலு எலக்‌ஷன்லயும் நாற்காலில இருந்தவர் தோத்தாரு, வேற ஒருத்தர் வந்தாரு. கட்சிங்க இவ்வளவு சண்டை போட்டும் அந்த வழக்கம் நின்னுச்சு. கட்சியே இல்லாம இருந்திருந்தா இன்னைக்கும் ஒத்தப் பேரு சீட்டுதான்.

இனி நம்ம ஊருக்கு வாறேன். நம்ம ஜில்லாவுக்கு கட்சியோட அருமைய வேற யாரும் சொல்லித் தர வேண்டாம், இந்த ஜில்லா தமிழ்நாட்டுல இருக்கிறதே ஒரு கட்சி கட்டினதாலதான். ராஜாவும் திவானும் ஆண்ட திருவிதாங்கூர்ல 1948ல தான் வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு எலக்‌ஷன் நடந்துச்சு, அதுல, தமிழ் பேசுற தாலுகாங்கள தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு கேட்ட மார்ஷல் நேசமணிக்க திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடம் ஜெயிச்சுது. 1954ல 117 பேர் உள்ள திருவிதாங்கூர் கொச்சி சட்டசபையில 12 இடம். எனக்க அப்பாக்கு அப்ப 18 வயசு. அப்பா ரப்பர் பால் வெட்டுக்குப் போற ஆளு, படிப்பு அஞ்சாங் கிளாஸ், ஆனா தாலுகா கமிட்டி கூட்டத்துல யாரு என்ன பேசினாங்கன்னு அம்பது வருசம் கழிச்சும் வரி மாறாம சொல்லுவாவ.

1954 ஆகஸ்ட் 11, தமிழ்நாட்டோட சேரணும்னு போராடினவங்கள மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அப்பா மார்த்தாண்டம் கூட்டத்துல இருந்தாவ. ஓடி ஒரு மரச்சீனி விளையில ராத்திரி முழுக்க படுத்துக் கிடந்தாவளாம், விடியக்காலை வீட்டுக்கு வந்தா பாட்டி செத்தே போயிட்டான்னு நினைச்சு அழுதுட்டு இருக்காங்க. அந்தக் கதை எல்லாரும் சொல்றதுதான். அதுல எல்லாரும் சொல்லாத ஒரு பக்கம் உண்டு, அப்பா அதத்தான் திருப்பித் திருப்பி சொல்லுவாவ. அப்ப முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, சட்டசபையில 19 இடம்தான், காங்கிரஸ் வெளிய இருந்து தாங்கிப் பிடிச்சுது. அந்தக் கட்சிக்கு அகில இந்தியப் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. அவரு அப்ப உத்தரப்பிரதேசத்துல ஜெயில்ல இருக்காரு. நம்ம கட்சி கவர்ன்மெண்ட் ஜனங்கள சுட்டிருக்கு, விசாரணை வேணும், மந்திரிசபை ராஜினாமா பண்ணணும்னு ஜெயில்ல இருந்துகிட்டே கேட்டாரு. எங்க கேட்டாரு பாருங்க, எதிர்க்கட்சிய இல்ல, சொந்தக் கட்சிய. சுதந்திரம் வந்து ஏழு வருசம், அந்தக் கட்சிக்கு நாட்டுல ஆட்சின்னு இருந்ததே அபூர்வம், அதையும் விட்டுருன்னு கேட்டாரு. கட்சி ஒத்துக்கல. இதுக்காகவே நவம்பர்ல நாக்பூர்ல தனி மாநாடு கூட்டி பேசினாங்க, அங்கயும் லோகியா பக்கம் தோத்துச்சு. 1955 பிப்ரவரில பட்டம் மந்திரிசபையே கவுந்துச்சு, லோகியா கட்சிய விட்டு வெளிய போக வேண்டியதாச்சு, கட்சி உடைஞ்சுது.

அப்பா சொல்லுவாவ, மக்கா, நம்ம மேல குண்டு விழுந்தப்ப வடக்க ஜெயில்ல கிடந்த, நம்ம பாஷை தெரியாத ஒரு மனுசன் தனக்க கட்சிய எதிர்த்து நமக்காக பேசினாரு, அத மறந்துராதேன்னு. சின்னப் பிள்ளையில எனக்கு அது புரியல. இப்ப புரியுது. ஒரு கட்சிக்குள்ள இப்படி ஒரு சத்தம் எழும்ப இடம் இருந்துச்சு, மாநாடு கூட்டி ரெண்டு பக்கமும் பேசி ஓட்டெடுத்து முடிவு பண்ண வழி இருந்துச்சு. முடிவு தப்பா போனாலும் வழி இருந்துச்சு. இன்னைக்கு எந்தக் கட்சில, சொந்த கவர்ன்மெண்ட் தப்பு பண்ணினா, அந்தக் கட்சி நிர்வாகி ஒருத்தர் எந்திரிச்சு நின்னு ராஜினாமா பண்ணுன்னு சொல்லிட்டு மறுநாளும் கட்சில இருக்க முடியும்?

1956 நவம்பர் 1ல கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை நாலு தாலுகாவும் சேர்ந்து கன்னியாகுமரி ஜில்லாவாச்சு, செங்கோட்டை திருநெல்வேலியோட போச்சு. கேட்டது 9 தாலுகா. தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் சித்தூரும் வரல. அந்த வருத்தம் அப்பாக்கு சாகுற வரைக்கும் உண்டு, ஆனாலும் கிடைச்சத ஏத்துக்கிட்டு, நேசமணிக்க கட்சியே பெரிய காங்கிரஸ்ல கரைஞ்சுது. நினைச்சது பாதிதான் நடந்துச்சுன்னு ஒருத்தரும் ஆயுதத்த தூக்கல. அதே வருசம் திருச்சில தி.மு.க. மாநாட்டுல, எலக்‌ஷன்ல நிக்கலாமா வேண்டாமான்னு வந்திருந்தவங்க கிட்டயே பெட்டி வச்சு ஓட்டு கேட்டாங்க, நிக்கலாம்னு முடிவாச்சு, 1957ல 15 இடம், 1967ல ஆட்சி. மேல இருந்து ஒருத்தர் அறிவிச்சாலே போதும்னு இருந்த அண்ணாவே பெட்டி வச்சாரு.

காமராஜர் பத்தி நம்ம ஜில்லாவுல பேசினா நேரம் போறதே தெரியாது, ஆனா ரெண்டு விசயம் மட்டும் சொல்லுறேன். 1963ல முதலமைச்சர் பதவிய விட்டுட்டு கட்சி வேலைக்குப் போனாரு, பதவிய விட கட்சி வேலை பெருசுன்னு ஒருத்தர் நினைச்ச காலம் அது. 1967ல விருதுநகர்ல ஒரு மாணவர் தலைவர்கிட்ட தோத்தாரு, கட்சியும் ஆட்சிய விட்டுச்சு, சத்தமில்லாம அண்ணா கையில ஆட்சி போச்சு. 1968ல நேசமணி இறந்த பிறகு 1969 ஜனவரில நாகர்கோவில்ல இடைத்தேர்தல், காமராஜர் இங்க வந்து நின்னு 1 லட்சத்து 28 ஆயிரம் ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாரு. 1971ல அவரு கட்சி தமிழ்நாடு பூரா தோத்தப்பவும் இந்த ஒரு எம்.பி. சீட்டு நின்னுச்சு, 1975ல இறக்குற வரைக்கும் நமக்க எம்.பி. ஆட்சி போன அந்த வருசங்கள்லதான் அப்பா ராத்திரி லேட்டா வீட்டுக்கு வருவாவளாம், எங்க போனீங்கன்னு அம்மா கேட்டா, கமிட்டி ஆபீஸ்ல கூட்டம், தோத்துட்டு சும்மா இருக்க முடியுமான்னு சொல்லுவாவளாம். மாலத்தீவுல அந்த லைட்ட பாத்தப்ப எனக்கு அப்பா நினைப்பு வந்ததுக்கு காரணம் இதுதான்.

இப்ப என்ன நிலமைன்னு எனக்க கதையவே சொல்லுறேன். 2010ல ஊருக்கு வந்த பிறகு, நாமளும் ஏதாவது செய்யணும்னு ஒரு கட்சில மெம்பர் ஆனேன். எந்தக் கட்சின்னு சொல்லல, சொன்னா அந்தக் கட்சிக்காரங்க மட்டும்தான் இப்படின்னு ஆயிரும், அது நியாயம் இல்ல, பிறகு விசாரிச்சதுல எல்லா இடத்துலயும் ஏறக்குறைய இதுதான். சந்தா கட்டினேன், கார்டு தந்தாங்க. நாலு வருசத்துல ஒரு கிளைக்கூட்டம் கூட நடக்கல. தலைவர் வந்தா மட்டும் போன் வரும், டீச்சர் ஒரு வேன் ஆளு கூட்டிட்டு வாங்க, சேலை தருவாங்கன்னு. உள்ளாட்சில பொம்பளைங்களுக்கு ஒதுக்கின வார்டு வந்துச்சு, நான் நிக்கிறேன்னு கேட்டேன், வேற ரெண்டு பேரும் கேட்டாங்க. யாரு நிக்கணும்னு மெம்பர் எல்லாரையும் கூட்டி கேளுங்கன்னு சொன்னேன். நிர்வாகி ஒருத்தர் எனக்க முகத்த பாத்தே சொன்னாரு, உங்க வீட்டுக்காரர் கட்சில யாரு டீச்சர்? கடைசில இன்னொரு நிர்வாகிக்க வீட்டுக்காரிய நிக்க வச்சாங்க, அந்தப் பிள்ளைக்கே அதுல இஷ்டம் இல்ல. எனக்கு வரவேற்புரை சொல்ற வேலை குடுத்தாங்க. எலக்‌ஷன்ல தோத்தாங்க. மறுநாள் எங்க முக்குல இருந்த கட்சி ஆபீஸ் ஷட்டர் இறங்கினதுதான், கொடி கிழிஞ்சு தொங்கி, மழையில நனைஞ்சு, ரெண்டு மாசம் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நான் தினமும் பஸ்ஸுக்கு அது வழியாத்தான் போவேன்.

இதனால நஷ்டம் கட்சிக்கு மட்டும் இல்ல. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் வந்தப்ப என்ன நடந்துச்சு? நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் பக்கம் கடலுக்குப் போனவங்க வரல, எத்தனை பேரு போனாங்க எத்தனை பேரு வந்தாங்கன்னு கணக்கே இல்ல, கடற்படை தேடல தேடலன்னு ஜனங்க கதறினாங்க. டிசம்பர் 7ல குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல ஆயிரக்கணக்கான ஜனங்க தண்டவாளத்துல உக்காந்தாங்க, நானும் போயிருந்தேன், கைப்பிள்ளையோட வந்த பொம்பளைங்க ராத்திரி வரைக்கும் இருந்தாங்க. அவங்கள கூட்டிட்டு வந்தது எந்தக் கட்சிக் கிளையும் இல்ல, அந்தந்த ஊர் பங்குத்தந்தைங்க. அவங்க செய்தது பெரிய காரியம், அத நான் குறையா சொல்லல. ஆனா எத்தனை வள்ளம் எந்தக் கரையில இருந்து போச்சுன்னு ராத்திரியோட ராத்திரியா ஒரு பட்டியல் எடுக்க, அத கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கொண்டு போய் நிக்க, ஓட்டு கேட்டு வந்த கட்சிங்களுக்கு அந்தக் கரையில ஆளு இல்லாமப் போச்சே. கூட்டம் காட்ட ஆளு உண்டு, கணக்கு எழுத ஆளு இல்ல. எனக்க ஸ்டூடண்டுக்க அப்பா அந்தத் தீவுல எழுதின நாலு காலம் நோட்டு இங்க ஒரு கிளையில கூட இல்லையேன்னு அன்னைக்கு தண்டவாளத்துல உக்காந்துகிட்டு நினைச்சேன்.

அந்தத் தம்பிக்கு இன்னொண்ணும் சொல்லணும். சுயேச்சை சுயேச்சைன்னு சொல்றாரே, நம்ம கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் எலக்‌ஷனும் வார்டு மெம்பர் எலக்‌ஷனும் கட்சிச் சின்னம் இல்லாமதான நடக்குது. நம்ம ஜில்லாவுல 95 கிராமப் பஞ்சாயத்து. அதுல யாரு நிக்கிறாங்க, ஓட்டு எப்படி விழுது? பக்கத்து வீட்டுல கேட்டுப் பாருங்க. எந்த சமுதாயம், எந்த சபை, யாருக்க குடும்பம், யாருகிட்ட பணம் இருக்கு, அதத்தான் முதல்ல பேசுவாங்க. நல்லவங்களும் ஜெயிக்கிறாங்க, அப்படி நல்லா செய்த தலைவருங்கள எனக்குத் தெரியும், ஆனா 5 வருசம் கழிச்சு அவங்க போயிட்டா அவங்க ஆரம்பிச்ச வேலைய கையில எடுக்க ஒரு அமைப்பு கிடையாது. கட்சி பேர் இல்லன்னா சாதி பேர் அந்த இடத்துல வந்து உக்காந்துக்கும். இப்ப அதுவும் இல்ல, 2019 டிசம்பர்ல ஓட்டு போட்டு வந்தவங்களுக்கு 2025 ஜனவரி 5ஓட பதவிக்காலம் முடிஞ்சு, பஞ்சாயத்து தனி அலுவலருங்க கையில போச்சு. அதுக்கு முன்னால 2016ல நடக்க வேண்டிய எலக்‌ஷன் மூணு வருசம் தள்ளித்தான் நடந்துச்சு. ஆளுங்கட்சியா எது இருந்தாலும் இதுல அவசரம் காட்டினதில்ல. கட்சிங்க ஊருக்குள்ள உண்மையா இருந்திருந்தா இதுக்கு ஊர் ஊரா சத்தம் எழும்பியிருக்கும். எங்க தெருவுல லைட் எரியலன்னா இப்ப கேக்க ஆளு இல்ல, கதீப் காலத்துல அந்தத் தீவுல இருந்த மாதிரியே இருக்கு.

சட்டத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு சார். நம்ம அரசியல் சட்டத்துல, கட்சி தாவலுக்காக 1985ல பத்தாவது அட்டவணைய சேர்க்கிற வரைக்கும் அரசியல் கட்சி பத்தி ஒரு ஏற்பாடும் இல்ல. அதுக்கப்புறம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 29ஏ பிரிவு வந்துச்சு, கட்சிய பதிவு பண்ணணும், அரசியல் சட்டத்துக்கு விசுவாசமா இருப்போம்னு எழுதித் தரணும்னு. கட்சிக்குள்ள நேர்மையா எலக்‌ஷன் நடத்தலன்னா பதிவு ரத்துன்னு ஒரு வரி அதுல இல்ல. ஹிட்லர் கிட்ட பட்ட ஜெர்மனிக்காரங்க 1949ல புதுசா சட்டம் எழுதினப்ப, கட்சிக்குள்ள அமைப்பு ஜனநாயக முறைப்படி இருக்கணும், பணம் எங்க இருந்து வந்துச்சுன்னு வெளிய சொல்லணும்னு 21வது பிரிவுலயே எழுதிட்டாங்க. நமக்க நாட்டுல கட்சிங்களுக்கு நன்கொடை குடுக்க இருந்த தேர்தல் பத்திரத்துல யாரு யாருக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு தெரிஞ்சுக்க சுப்ரீம் கோர்ட் 2024 பிப்ரவரில தீர்ப்பு சொல்ல வேண்டி வந்துச்சு. அந்த மீன்காரர் 5 ரூஃபியாவுக்கு பேரும் தேதியும் எழுதினாரு.

அதனால அந்தத் தம்பிகிட்ட நான் கேக்கிறது, கட்சி வேண்டாம்னு வீட்டுல இருக்காதீங்க, உங்களுக்குப் பிடிச்ச ஒரு கட்சில, எதுன்னாலும் சரி, போய் மெம்பர் ஆகுங்க, ஒத்தையா போகாதீங்க, பத்து பேரா போங்க. ஒத்தையா போனதுதான் நான் செய்த தப்பு. போய், மெம்பர் லிஸ்ட்ட காட்டுங்க, கிளைக்கூட்டம் என்னைக்குன்னு கேளுங்க. இந்தத் தடவை நாங்க எங்க தெருவுல ஆறு பொம்பளைங்க சேர்ந்திருக்கோம், ரெண்டு பேர் பால் வெட்டுக்குப் போறவங்க, ஒருத்தி முந்திரி ஆபீஸ்ல வேலை, ஒருத்தி தையல். எல்லாருக்கும் ஒரே கட்சி கூட இல்ல. அவங்கவங்க கட்சிக் கிளைச் செயலாளர போய்ப் பாத்து, அடுத்த உள்ளாட்சி எலக்‌ஷனுக்கு எங்க வார்டுல யாரு நிக்கணும்னு மெம்பருங்கள கூட்டி ஓட்டெடுக்கணும்னு எழுதிக் குடுக்கப் போறோம். மனுவ நான்தான் எழுதியிருக்கேன். தேதி, பேரு, கையெழுத்து, எதுக்குன்னு அதே நாலு காலம்.

கடைசியா உங்ககிட்ட ஒரு கோரிக்கை சார். தலைவர் வந்தா முதல் பக்கத்துல போடுறீங்க, பொதுக்கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு போடுறீங்க. நம்ம ஜில்லா பக்கத்துல மாசத்துக்கு ஒருக்க ஒரு சின்ன கட்டம் ஒதுக்கி, இந்த மாசம் எந்தக் கட்சிக்கு எந்த ஊர்ல கிளைக்கூட்டம் நடந்துச்சு, எத்தனை மெம்பர் வந்தாங்க, என்ன தீர்மானம் போட்டாங்கன்னு மட்டும் போடுங்க. கூட்டம் நடக்காத கட்சி பேருக்கு நேரா நடக்கலன்னு போடுங்க. எங்க வட்டாரத்துத் தகவல மாசாமாசம் நானே விசாரிச்சு எழுதி அனுப்புறேன், சம்பளம் ஒண்ணும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
மார்த்தாண்டம் அருகில், விளவங்கோடு தாலுகா,
கன்னியாகுமரி மாவட்டம்.